வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை

என்னிடம் வேலை பழகிய கவிதா இப்போது திண்டிவனத்தில் ஒரு பெரிய போன் கடையில் இருக்கிறாள். அண்மையில் என்னைப் பார்க்க வந்தவள், அனுப்பிய செய்தியை இரண்டு பேர் போனிலிருந்தும் ஒரே தட்டில் அழித்துவிடும் வசதியைக் காட்டினாள். "பாருங்க மேடம், போட்டதே தெரியாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது அப்பவே வந்திருந்தா கிளியனூர்ல ஒரு குடும்பம் அவ்ளோ பேஜாரு பட்டிருக்காதுடி" என்றேன். என்ன கதை என்று கேட்டாள். சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இத எழுதி வைங்க மேடம், நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். நான் எழுதினாலும் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் இன்ஸ்டிடியூட் மூடியது. பிறகு ஒரு எஸ்.டி.டி. பூத், அதுவும் மூடியது. நான் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் மூடுகிறதே என்று வீட்டில் கேலி செய்துகொண்டிருந்த சமயத்தில்தான் லிக்கோ கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். விழுப்புரத்தில், பாண்டிச்சேரி ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. வாரத்தில் இரண்டு நாள் திண்டிவனம் கிளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "எழுத்து எங்க எங்க இருக்குதுன்னு தெரியுமாம்மா?" என்பதுதான் நேர்முகத் தேர்வில் என்னைக் கேட்ட ஒரே கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றேன். முன் மேசை எனக்குக் கிடைத்தது.

லிக்கோ என்பது வடக்கத்தி கம்பெனி. லிக்கோ என்றால் இந்தியில் எழுது என்று அர்த்தமாம். செய்தி அனுப்புவதற்கென்றே போன் செய்தார்கள். பேசுவதற்கும் ஆகும், ஆனால் அதில் கம்பெனிக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டே வாரத்தில் அதை "லீக்கு போன்" ஆக்கிவிட்டார்கள்.

முதலில் வந்தது லிக்கோ பத்து. இருபத்தாறு எழுத்துக்கும் இருபத்தாறு பொத்தான், ஒவ்வொன்றும் ஜவ்வரிசி அளவு. நெல் அறுத்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பழகிய கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் மூன்று எழுத்து ஒன்றாக விழும். தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்த காலம் அது. "வா" என்று அடித்தால், ஒரு பாம்பு பெருமூச்சு விட்ட மாதிரி என்னவோ போகும். புகார் குவிந்ததும் கம்பெனி பொத்தான்களைப் பெரிதாக்கி லிக்கோ இருபதைக் கொண்டுவந்தது. பொத்தான் பெரிதானதால் போனும் பெரிதாகிவிட்டது. தோளில் மாட்டிக்கொள்ள வாரோடு தோல் உறை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிய ஒரு உர வியாபாரியைப் பார்த்து, டிக்கெட் பரிசோதகர் என்று பயந்து பின் படிக்கட்டில் மூன்று பேர் இறங்கிவிட்டதாக அவரே வந்து சொன்னார். அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

முப்பதில் எழுத்துப் பலகையைப் போனுக்கு அடியில் மறைத்து, தள்ளினால் வெளியே வருகிற மாதிரி செய்தார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே திறந்து திறந்து மூடினார்கள். உள்ளே இருந்த ஸ்பிரிங் தளர்ந்து, கோயிலில், சாவு வீட்டில், பள்ளிக்கூடத்தில், தானே 'டக்' என்று திறந்துகொண்டது. இரும்பை கிராமத்திலிருந்து வந்த ஒருவர் போனுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அதைக் கழற்றினால் போனின் இரண்டு பாதியும் இரண்டு திசையில் போனது.

இந்த இடத்தில் எங்கள் சர்வீஸ் மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தரணேந்திர நயினார். செஞ்சிக்குப் பக்கத்து கிராமத்து ஜைனக் குடும்பம். ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருப்பார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் மாலையில் எந்த வாடிக்கையாளர் வந்து கத்திக்கொண்டிருந்தாலும், "ஒரு அஞ்சு நிமிஷம் கத்திக்கினு இருங்க, வந்துடறேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு டப்பாவைத் திறப்பார்.

அவர் பொய் சொல்ல மாட்டார். நல்லவர் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பல்லிக்குப் பயப்படுகிறவர்களைப் போல அவர் பொய்க்குப் பயப்படுவார். சரிபார்த்த போனிலிருந்து மேசைப் போனுக்கு "ஹலோ, நான் நலம்" என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி விதி. அவருக்குக் காய்ச்சல் அடித்த ஒரு வாரம் முழுக்க ஒரு போனும் வெளியே போகவில்லை. "நலமா இல்லையேம்மா, எப்படி அனுப்பறது?" என்றார். "அப்ப நான் அனுப்பறேன் சார்" என்றேன். "நீ நலமா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குப் பல்வலி. கடைசியில் "இது ஒரு சோதனை" என்று மாற்றினோம். அதை எந்த நாளிலும் மனசாட்சியோடு அனுப்பலாம்.

போனை வாங்குவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. இரண்டு கையாலும் வாங்குவார். துணியால் துடைப்பார். அணைத்து, பேட்டரியை எடுத்து, அதை வெளிச்சத்தில் ஒரு பக்கம், மறுபக்கம் பார்த்து, திரும்பப் போட்டு உயிர் கொடுப்பார். அது விழித்துக்கொள்ளும் வரை வாடிக்கையாளரோடு பேச மாட்டார். பிறகுதான் "சொல்லுங்க" என்பார்.

பழுது என்ற வார்த்தையை எந்தச் சீட்டிலும் எழுதக் கூடாது என்று கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பழுதுக்குப் பதில் அனுபவம் என்று எழுத வேண்டும். பேட்டரி அனுபவம், ஸ்பீக்கர் அனுபவம். "இன்னா மேடம் பேட்டரி அனுபவம்? சார்ஜே நிக்கலன்னு சொல்லிக்கினு இருக்கேன்" என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். நயினார் சாருக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை மிகவும் பிடித்திருந்தது. "அனுபவம்னா பொய்யில்லைம்மா. பட்டுக்கினு தானே இருக்காங்க" என்றார்.

பிறகு நாற்பது வந்தது.

அதற்குள் கம்பெனிக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இவ்வளவு எழுத்துப் பலகை கொடுத்தும் ஜனங்கள் பெரும்பாலும் அனுப்புவது "ஓகே" என்ற ஒன்றைத்தான். அதனால் நாற்பதின் நெற்றியில் புடைத்த மாதிரி பெரிய பச்சைப் பொத்தான் ஒன்றை வைத்தார்கள். செய்தி வந்தால் அந்தப் பொத்தானே விளக்காக மின்னும். ஒரு முறை அமுக்கினால் செய்தி போட்டவருக்கு "ஓகே" போய்விடும், மின்னுவது நிற்கும். அமுக்காவிட்டால் நிற்கவே நிற்காது. பொத்தானைப் பூட்டி வைக்கும் வசதி கிடையாது. பூட்டினால் பதில் தாமதமாகும் என்று கம்பெனி கவலைப்பட்டது.

அந்தப் போனைத்தான் கிளியனூர் அந்தோணிசாமி ஒரு திங்கட்கிழமை காலை திண்டிவனம் கிளைக்குக் கொண்டுவந்தார். மல்லாட்டை பயிரிடும் சம்சாரி. பக்கத்தில் அவர் மகள் ஜெசிந்தா நின்றாள். பாண்டிச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

அன்றைக்கு என்னோடு அங்கே வந்திருந்த நயினார் சார் துடைத்து, அணைத்து, பேட்டரியைப் பார்த்து, எல்லாம் முடித்து, "சொல்லுங்க" என்றார்.

"இந்த போனு தானா ஓகே போட்டுச்சிங்க" என்றார் அந்தோணிசாமி.

விஷயம் இதுதான். கண்டமங்கலத்தில் இருக்கும் சவரிமுத்து, அந்தோணிசாமியின் அக்கா லூர்துமேரியின் கணவர். டெம்போ வைத்து ஓட்டுகிறவர். கடைக்குப் போய் நாற்பது மாடலில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்தவர். அதே போனில் அவர் ஒரு நாள் மத்தியானம் கேட்டிருக்கிறார்: ஜெசிந்தாவை நம்ம அருளுக்குக் கட்டிடலாமா? பதில் போயிருக்கிறது: ஓகே.

அதற்கப்புறம் சவரிமுத்துவைப் பிடிக்க முடியவில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அத்தை மகன் என்பதால் திருச்சபை மேலிடத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு விண்ணப்பமும் போய்விட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. இந்த மணமக்களின் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் அறிவித்துவிட்டால், பிறகு பின்வாங்குவது இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு. படிப்பு முடியாமல் கல்யாணம் வேண்டாம் என்று பெண் அழுதாள். அப்பன், போன் தானாகப் போட்டது என்றார். சவரிமுத்து, "அப்ப கம்பெனில எழுதி வாங்கினு வா. போனு கெட்டுப்போச்சின்னு அவன் எழுதிக் குடுத்தா நானே வாபஸ் வாங்கிக்கறேன். இல்லன்னா சொன்ன சொல்லு சொல்லுதான்" என்று சொல்லிவிட்டார்.

நயினார் சார் போனை அன்றைக்கு முழுக்கச் சோதித்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். குலுக்கினார். குப்புற வைத்தார். அந்தப் போன் ஒரு தடவைகூடத் தானாக எதையும் அனுப்பவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் மேசைக்கு வந்த லிக்கோ போன்களிலேயே ஒரு குறையும் இல்லாத போன் அதுதான்.

சாயங்காலம் அந்தோணிசாமியைத் தனியாக உட்கார வைத்து, "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்களே அமுத்தினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மகள் வெளியே நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "சோறு துன்னுக்கினு இருந்தேங்க. மெசேஜ் வந்துது. படிச்சேன். மாமா கேக்கறாரு, எப்படி முடியாதுன்றது? யோசிச்சி சொல்லலாம்னு பக்கத்துல வெச்சேன். அது மின்னிக்கினே இருக்குது. சோத்துத் தட்டெல்லாம் பச்சையா தெரியுது. வேற பக்கம் திரும்பி உக்காந்தேன், செவுத்துல மின்னுது. அமுத்துனேன். நின்னுடுச்சி."

"சம்மதம்னு அமுத்தலயா?"

"வௌக்கு நிக்கணும்னு அமுத்துனேங்க. யோசிக்கறேன்னு சொல்றதுக்கு அதுல பொத்தான் ஏதுங்க?"

உள்ளே போய் நயினார் சாரிடம் சொன்னேன். "சார், போன்ல பழுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஓட்டைப் போனையெல்லாம் நல்ல போன்னு கம்பெனி சொல்லிக்கினு இருக்குது. ஒரு நல்ல போன ஓட்டைன்னு சொன்னா என்ன கெட்டுடும்?"

"கம்பெனி சொல்லுதும்மா. நான் அனுபவம்னுதானே எழுதறேன்" என்றார். டப்பாவைத் திறந்தார், மூடினார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடவும் முடியாது. பட்டினியோடு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இந்தப் போன் நல்ல நிலையில் உள்ளது. செய்தி வந்தால் இதில் விளக்கு மின்னும். பொத்தானை அமுக்கும் வரை நிற்காது. அமுக்கினால் ஓகே என்று போகும். வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை. அமுக்கியவர் மனதில் என்ன இருந்தது என்று போனுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது."

அந்தோணிசாமிக்கு அதைப் படித்துக் காட்டினேன். "மொத வரிய மட்டும் எடுத்துட முடியாதுங்களா?" என்றார். முடியாது என்றார் நயினார் சார். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது முறையில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை இதைப் பேச உறவுக்காரர்கள் கூடும் கண்டமங்கலத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம். இருந்தாலும் போனேன்.

சவரிமுத்து வீட்டு வாசலில் துணிப்பந்தல் போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஒரு இருபது பேர் இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைப் பையன் அருள் ஒரு மூலையில், யாருக்கோ பெண் பார்க்க வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

சவரிமுத்து நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் அந்தப் போன், பச்சைப் பொத்தான் வெளியே பார்த்த மாதிரி. கடிதத்தை வாங்கி எழுந்து நின்று உரக்கப் படித்தார். முதல் வரி முடிந்ததும் நிறுத்தினார்.

"நல்ல நிலையில் உள்ளது. கேட்டுக்குங்க எல்லாரும். கம்பெனிக்காரரே எழுதிக் குடுத்துட்டாரு."

"மீதியும் படிங்க" என்றார் நயினார் சார்.

"மீதி எதுக்குங்க? போனு நல்ல போனா இல்லயா?"

"நல்ல போனுதாங்க."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தோணிசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெசிந்தாவின் முழங்கால் நடுங்குவது என் முழங்காலில் பட்டது. இந்த மனிதரின் உண்மையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தோமே என்று எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

சவரிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆம்பளன்னா சொன்ன வார்த்தையில நிக்கணும். போனு போட்டுச்சி, காத்து போட்டுச்சின்னு சொல்லக் கூடாது. என்னய எடுத்துக்குங்க. நான் ஒருத்தனுக்கு ஓகே போட்டன்னா," என்று மார்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், "உயிரே போனாலும் மாத்த மாட்டேன்!" இன்னொரு தட்டு.

அப்போது ஜெசிந்தாவின் நடுக்கம் நின்றதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவளிடம் இருந்தது எண் பொத்தான் மட்டும் உள்ள சாதாரணப் போன். அதைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மாமா மேல் வைத்தபடியே, பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்டிடியூட்டில் என் மாணவிகள் யாருக்கும் அந்த விரல் வரவில்லை. என்ன அடிக்கிறாள் என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

சவரிமுத்துவின் சட்டைப் பையில் பச்சையாக மின்னத் தொடங்கியது. வெயிலில் அவருக்குத் தெரியவில்லை.

"எங்கப்பன் அப்படித்தான், நானும் அப்படித்தான்" என்றார். தட்டினார். மின்னுவது நின்றது.

ஜெசிந்தாவின் மடியில் 'டிங்' என்று ஒரு சத்தம். அவள் எழுந்து நின்றாள்.

"மாமா, ரொம்ப தேங்க்ஸ் மாமா."

"எதுக்கும்மா?"

"ஓகே போட்டதுக்கு."

"நான் எங்க ஓகே போட்டேன்?"

"இப்பதான் போட்டீங்க. 'கல்யாணத்த வுட்டுடலாமா மாமா'ன்னு கேட்டேன். ஓகேன்னு போட்டீங்க." போனைப் பக்கத்து வரிசைக்குக் கொடுத்தாள். அது கைமாறி கைமாறி ஆண்கள் பக்கம் போனது. ஒவ்வொருவரும் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

சவரிமுத்து தன் போனை எடுத்துப் பார்த்தார். "நான் போடல! இது பாக்கெட்டுல இருந்து தானா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முதலில் சிரித்தது அருள்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், பிறகு பொத்த முடியவில்லை. லூர்துமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னாங்க, உயிரே போனாலும் மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே" என்றார்.

சவரிமுத்து நயினார் சாரிடம் போனை நீட்டினார். "சார், இத கொஞ்சம் பாருங்க சார். இதுல ஏதோ ஓட்டை இருக்குது."

நயினார் சார் இரண்டு கையாலும் வாங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். அணைத்தார். பேட்டரியை எடுத்து வெயிலில் ஒரு பக்கம், மறுபக்கம் பார்த்தார். திரும்பப் போட்டார். போன் விழித்துக்கொண்டதும் சொன்னார்: "நல்ல நிலையில இருக்குதுங்க."

ஓலை வாசிக்கப்படவில்லை. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜெசிந்தா திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாள். அந்த ஞாயிறு கண்டமங்கலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நயினார் சாரிடம் என் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு கேட்டது கேள்விதானேம்மா? பொய் ஒண்ணும் சொல்லலியே?" என்று என்னைக் கேட்டார். இல்லை சார் என்றேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

கம்பெனிக்கு நடந்ததை எழுதி அனுப்பினோம். பதிலுக்கு லிக்கோ ஐம்பது வந்தது. ஓகே, வேண்டாம், பிறகு என்று மூன்று பொத்தான். எதை அமுக்கினாலும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். ஆமாம் என்றால், 'யோசித்தீர்களா?' என்று கேட்கும். ஒரு ஓகே போடுவதற்குள் பேருந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்கப்புறம் தொடுதிரைப் போன்கள் வந்தன. கம்பெனி மூடியது. என் ராசியை வீட்டில் மறுபடி நினைவுபடுத்தினார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து சில மாதங்கள் கழித்து, சவரிமுத்து விழுப்புரம் சென்டர் படியேறி வந்தார். கூட லூர்துமேரி. இந்த முறை லூர்துமேரி சிரிக்கவில்லை. போன் நன்றாக இருக்கிறதா என்று சவரிமுத்துவிடம் கேட்டேன். இருக்கிறது என்றார். பிறகு எதற்கு வந்தார் என்று சொல்லத் தெரியாமல் சுவர்க் காலண்டரில் கிறிஸ்துமஸ் தேதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லூர்துமேரிதான் பேசினார். "எந்தம்பி வூட்டுக்கு நாங்க போறதில்லமா. அவனும் வர்றதில்ல. ரெண்டு பேருக்கும் வெக்கம். இவரு போன் போட்டு பேச மாட்டேன்றாரு. மெசேஜாவது போடுங்கன்னேன். கை வரலன்றாரு."

"நீங்க அடிங்க மேடம். நான் சொல்றேன்" என்றார் சவரிமுத்து. 'கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எல்லாரும் வாங்க. பாப்பாவையும் கூட்டிக்கினு வா' என்று சொன்னார், அடித்தேன். அனுப்பப் போனபோது தடுத்தார். "அத நான் அமுத்தறேன்" என்று வாங்கி, மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் அமுக்கினார்.

மூன்று பேரும் உட்கார்ந்து நெற்றியில் இருந்த பச்சைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து நயினார் சாரும் எட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு மின்னவில்லை. டீ வாங்கி வரச் சொன்னேன். டீயும் ஆறியது. லூர்துமேரி எழுந்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. சவரிமுத்து அவசரத்தில் எதையோ அமுக்க, அந்தோணிசாமியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மாமா, ஒரு மெசேஜ் வந்துது. நீங்க போட்டீங்களா, பாக்கெட்டு போட்டுச்சா?"

சவரிமுத்து போனை மார்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்டா மச்சான்" என்றார். "வா."